இடது கை முடிச்சு

செண்பகவல்லி வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் விசைத்தறிச் சத்தத்துக்கு ஓய்வே கிடையாது. வந்த கொஞ்ச நாளிலேயே காது இரைய ஆரம்பித்துவிட்டது. அதனால் பரணைச் சுத்தம் செய்தபோது, கிழிந்த பாயில் சுருட்டி வைத்திருந்த பழைய ஹெட்போன் கிடைத்ததும், பாட்டுக் கேட்டுக்கொண்டே தறி ஓட்டலாம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒயர்தான் அறுந்திருந்தது.

"அது கோமதிது. தூரப் போடு," என்றான் இசக்கித்துரை.

கோமதி அவனுடைய மூத்த மனைவி. நெஞ்சுவலி, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லித்தான் இவளைக் கட்டியிருந்தான்.

"ஒயரு எப்படி அறுந்துச்சு?"

"கதவுல மாட்டி அறுந்துட்டு. அதுக்கு இப்ப என்னட்டி?"

ஒரு ஒயருக்கு இத்தனை கோபமா என்று அவளுக்குத் தோன்றியது. அவன் நூல் வாங்கக் கிளம்பியதும், பக்கத்து வீட்டு பஸீலாவிடம் சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கி வந்தாள். ஃபோனில் வீடியோ பார்த்தபடி ரப்பர் உறையைச் சீவினாள். உள்ளே சிவப்பும் பச்சையுமாக மயிரிழை போன்ற கம்பிகள்.

அப்போதுதான் கவனித்தாள். அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும், ஒரு பிடி தள்ளி, உறை இழுபட்டு மெலிந்திருந்தது. நாள் முழுக்க நூலோடு கிடப்பவளுக்கு உரசி அறுந்ததற்கும் இழுத்து அறுந்ததற்கும் வித்தியாசம் தெரியாதா? இது இரண்டு கைகளிலும் சுற்றிப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்த ஒயர்.

எதைச் சுற்றி?

கழுத்து தன்னாலேயே கூசியது.

கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, இனி மத்தியானம்தான் வரும். எல்லா வீட்டுத் தறியும் நின்று, தெருவே வாயடைத்துப் போனது. கம்பிகளை மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டு, உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கம்பிகள் முடிச்சுப் போடப்பட்டிருந்தன.

தறியில் அறுந்த இழைக்குப் போடும் அதே முடிச்சு. அவ்வளவு நேர்த்தி. ஆனால் இடம்வலமாகத் திருப்பிப் போட்டது. கோமதி பாதியில் விட்டுப்போன பாவு நூலிலும் இப்படித்தான் இருந்தது. இடது கைக்காரி போடும் முடிச்சு.

முன்கதவு தாழ்போட்டது போட்டபடி இருந்தது.

ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள். அதை எதிலும் செருகியிருக்கவில்லை.

தறி ஓடும் சத்தம். அதற்கடியில் ஒரு மூச்சு, திணறித் திணறி.

"ஏட்டி... ஓடிரு."

கதவு தட்டப்பட்டது. ஹெட்போனை மேஜைமேல் போட்டுவிட்டுத் தாழைத் திறந்தாள். இசக்கித்துரை. உள்ளே வந்தவனின் பார்வை நேரே மேஜைக்குப் போனது.

"இந்த முடிச்ச யாரு போட்டா?"

"நாந்தான்."

"நீ சோத்தாங்கையாலதான முடிச்சுப் போடுவ?"

ஒயரை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் ஒரு சுற்று சுற்றினான். மெலிந்த இடங்கள் அவன் பிடிக்குள் அளவெடுத்ததுபோலப் பொருந்தின. அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை. உயிர்பயம்தான்.

"யார்ட்டயாவது சொன்னியா?" மெதுவாகத்தான் கேட்டான்.

ஒயரோடு ஒரு அடி முன்னால் வந்தான்.

வீட்டுக்குப் பின்னால், பூட்டிய கொட்டகைக்குள், தறி ஓட ஆரம்பித்தது.

தெருவில் எந்த வீட்டுக்கும் இன்னும் கரண்ட் வரவில்லை.

அவன் முகம் வெளிறியது. "கோமு," என்று முணுமுணுத்தபடி சத்தம் வந்த பக்கம் நடந்தான். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல இருந்தது. செண்பகவல்லி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

ராயகிரியில் அம்மா வீடு. பஸ்ஸில் உட்கார்ந்து, பஸ்ஸும் கிளம்பிய பிறகுதான் மூச்சு விட்டாள். அப்போது மடியில் ஏதோ நழுவி விழுந்தது.

அவளுடைய தாலிக் கயிறு.

அறுந்திருக்கவில்லை. மூன்று முடிச்சும் பொறுமையாக அவிழ்க்கப்பட்டிருந்தன.