இல்லாத அக்கா

மழைக்குப் பயந்து மருத்துவமனைக்குள் ஓடிவந்தவள், வாசலில் நின்றவன் மேல் நேராகப் போய் மோதினாள். அவன் கண்ணாடி தெறித்து விழுந்து, அதன் ஒரு கால் வளைந்துபோனது.

"கண்ணு தெரியலயா?" என்றான்.

"கண்ணாடி போட்டிருந்தது நீங்கதானே..."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வளைந்த காலை விரலாலேயே நிமிர்த்தி, அவன் காதில் மாட்டிவிட்டாள். அப்புறம்தான் அந்தக் கண்களைப் பார்த்தாள்... கொஞ்சம் அதிக நேரமே பார்த்துவிட்டாள்.

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கர்ப்பமான அக்காவை அழைத்து வந்திருந்தான். அக்காவுக்கு முன்பு கர்ப்பப்பை வாயில் ஆபரேஷன் ஆகியிருந்ததாம். அதனால் ஸ்கேனில் அதன் நீளத்தை அடிக்கடி அளக்கிறார்களாம். குறைந்துபோனதால் தையல் போட்டிருக்கிறார்களாம். அக்கா இதையெல்லாம் பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும்படி சாதாரணமாகச் சொன்னாள்.

இவளுக்கும் அதே ஆபரேஷன்தான். பேசி முடித்த மாப்பிள்ளை அது தெரிந்ததும் கழன்றுகொண்டான். யாருக்காக வந்தீர்கள் என்று கண்ணாடி போட்டவன் கேட்டபோது, "அக்காவுக்காக..." என்று வாய் தானாகச் சொன்னது. தன் அக்காவுக்கும் இதே ஆபரேஷன், இனி குழந்தை தங்குமா என்று பயப்படுகிறாள் என்றாள். உண்மையில் இவளுக்கு அக்காவே கிடையாது. டாக்டரைப் பார்க்கச் சீட்டு போட்டிருந்தவள், தன் பெயரைக் கூப்பிடும் முன்பே எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஸ்கேன் நாட்களிலும் ஏதோ சாக்கு சொல்லிக்கொண்டு வந்தாள். அவனுக்காகவும் வந்தாள், அந்த வயிறு நிலைக்கிறதா என்று பார்க்கவும் வந்தாள். அடுத்தவள் வயிற்றில் தன் தலையெழுத்தைப் படிக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவனோ அந்த இல்லாத அக்காவுக்காக டாக்டரிடமே கேட்டு வந்தான். நிறைய பேருக்குத் தையலே தேவைப்படாதாம், ஆரம்பத்திலேயே சொல்லிக் கவனித்துக்கொண்டால் போதுமாம். உங்கள் மாமா ஏன் வருவதே இல்லை என்று கேட்டான். ஆபரேஷன் என்று தெரிந்ததும் விட்டுப் போய்விட்டார் என்றாள்.

"ஆபரேஷனுக்குப் பயந்து ஓடினவனெல்லாம் ஒரு மனுஷனா?" அன்று முழுக்கப் பொரிந்து தள்ளினான்.

தையலைப் பிரித்தபின், அக்காவுக்கு நிறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனவளின் கையில் அவன் அக்கா குழந்தையைக் கொடுத்து, "உங்க அக்காகிட்ட சொல்லி வை. தம்பிக்காக உங்க வீட்டுக்கு வரணும் நாங்க" என்றாள்.

குழந்தையின் சூடு நெஞ்சில் பட்டது. இனியும் பொய் சொல்ல முடியவில்லை. குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"எனக்கு அக்கா இல்ல..." தரையைப் பார்த்தே சொன்னாள். "ஆபரேஷன் எனக்குத்தான். விட்டுட்டுப் போனதும் என்னைத்தான். நீங்களும் போயிடலாம்... தப்பா நினைக்க மாட்டேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினான்.

"பொய் சொன்னதுக்குக் கோபம் இருக்கு. ரெண்டு நாள் இருக்கும்" என்றான். "ஆனா அந்த மாமாவை அன்னைக்கு எவ்வளவு திட்டினேன்... இப்ப நான் போனா, அத்தனையும் எனக்குல்ல வந்து சேரும்?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. "பிடிச்சிருக்குன்னு நேரா சொல்ல மாட்டீங்களா..."

"பிடிச்சிருக்கு. நீங்க மோதின அன்னையிலிருந்து."

அவள் தலையை நிமிர்த்தி அவன் கண்களைப் பார்த்தாள்.