கதவை மறைத்த ஃபோல்டர்கள்

அவள் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, கம்ப்யூட்டர் திரையில் ஃபோல்டர்கள் இடம் மாறியிருந்தன. கல்யாண ஆல்பம் செய்யும் அந்த ஸ்டூடியோவில் அவளுடைய மெஷினை யாரும் தொடமாட்டார்கள். தொட்டவர் அன்று முழுக்கத் திட்டு வாங்குவார். ஜோடிக்கு ஒரு ஃபோல்டர், முடிந்த வேலைக்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு என்று நிறம் மாற்றி, எல்லாவற்றையும் வலது பக்கம் நெருக்கமாக அடுக்கி வைப்பாள். திரையின் பின்னணிப் படத்தில் இருந்தது அவள் வீட்டு ஹால். சோபாவில் நாக்கைத் துருத்திக்கொண்டு மகள் வாலு. வலப்புறம் பெயின்ட் உரிந்த படுக்கையறைக் கதவு. வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்க்கும் திரையில் அந்தக் கதவு மானத்தை வாங்கும் என்றுதான் அதன்மேல் ஃபோல்டர்களைப் போட்டு மூடியிருந்தாள். இப்போது அவை விலகிக் கிடந்தன, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு.

"அண்ணே, என் மெஷின்ல கை வச்சீங்களா?"

பிரின்ட் எடுக்கும் மீசைக்காரர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். "எனக்கென்ன உயிர் மேல ஆசை இல்லையாம்மா? போகும்போது மறக்காம பூட்டிடு."

அவர் போனபின் ஃபோல்டர்களைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சூடு தணியும் பிரின்டர் உள்ளுக்குள் சொடக்குப் போட்டது. மையும் புதுத் தாளும் கலந்த வாசனை மூக்கை அடைத்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். ஃபோல்டர்கள் மறுபடியும் விலகியிருந்தன. படத்தில் கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

மூலப் படத்தைத் தேடித் திறந்தாள். அதில் கதவு மூடித்தான் இருந்தது, ஜன்னலில் பகல் வெளிச்சம். பின்னணியில் மட்டும் ஜன்னல் இருண்டிருந்தது, இந்தத் தெருவைப் போலவே. அதில் வாலு நாக்கை உள்ளே இழுத்துவிட்டிருந்தாள். பின்னணியைத் தூக்கிவிட்டு வெறும் நீலம் வைத்தாள். கண் சிமிட்டுவதற்குள் ஹால் திரும்பி வந்தது.

லாரி ஓட்டப் போன கணவனுக்குப் போன் போகவில்லை. வீட்டுக்கு அடித்தாள்.

"வாலு, என்னடி பண்ற?"

"சோபால இருக்கேன். அம்மா, அப்பா வந்துட்டாரா?"

"இல்லையே. ஏன்?"

"ரூம் கதவு தானா திறக்குது."

திரையில் வாலுவின் காதில் போன் இருந்தது. அவள் ஒரு ஃபோல்டரை இழுத்துக் கதவின் இடுக்கில் வைத்தாள்.

"மூடிக்கிச்சும்மா."

"நல்லது. இப்ப வெளிய ஓடு. பக்கத்து வீட்டுக்குப் போ!"

படத்தில் குழந்தை எழுந்து ஓடினாள். வாசல் தாழ்ப்பாளைப் பிடித்துத் தொங்கினாள்.

"வர மாட்டேங்குதும்மா." அழத் தொடங்கிவிட்டாள்.

இங்கே அவள் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள். மவுஸை விட்டதும் ஃபோல்டர் நகர்ந்தது. மெதுவாக. உள்ளேயிருந்து யாரோ தள்ளுவது போல. மறுபடி உட்கார்ந்து அழுத்திப் பிடித்தாள். பஸ் பிடித்தால்கூட வீடு வெகுதூரம். ஸ்டூடியோவிலும் ஆள் இல்லை. ஒரு ஃபோல்டரைப் பிடித்தால் மற்றது நழுவியது. இதை எப்படியாவது அசையாமல் நிறுத்திவிட்டால் போதும், ஓடிவிடலாம்.

வலது பொத்தானைச் சொடுக்கினாள். 'தானாக அடுக்கு' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தாள்.

தெரியாதவர்கள் செய்கிற தவறு. புதிதாக வருகிறவர்களை அதற்காகவே எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்! எல்லா ஃபோல்டர்களும் ஒரே துள்ளலில் இடது ஓரம் போய் வரிசையாக நின்றன.

கதவு முழுசாகத் தெரிந்தது.

திறந்தது.

"அம்மா, லைட் போயிடுச்சு."

"வாலு! வாலுக்கண்ணு, பேசுடி!"

திரை கறுத்து, மெல்லத் தெளிந்தது. ஹாலில் யாரும் இல்லை. தரையில் போன் கிடந்தது. கதவு மூடியிருந்தது. கதவுக்கு முன்னால் புதிதாக ஒரு ஃபோல்டர். அடியில் பெயர்: வாலு.

சொடுக்கினாள். திறக்கவில்லை. மறுபடியும். 'இந்த ஃபோல்டர் பயன்பாட்டில் உள்ளது.'

மின்சார வயரைப் பிடுங்கக் குனிந்தவளின் கை நின்றுவிட்டது. உள்ளே குழந்தை இருந்தால்?

திரையில் மவுஸின் அம்புக்குறி அசைந்தது.

அவள் கை மவுஸில் இல்லை. மவுஸ் வயரைப் பிடுங்கி எறிந்தாள். அம்புக்குறி ஃபோல்டரைப் பிடித்தது. தூக்கியது. அவசரமே இல்லாமல், ரீசைக்கிள் பின் என்ற குப்பைத் தொட்டியை நோக்கி இழுத்துக்கொண்டு போனது.