புதைந்த நகரங்களின் பாடம்

எஹலியகொடையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில் பயாஸின் முச்சக்கரவண்டி முனகிக்கொண்டே போனது. இருபக்கமும் இறப்பர் மரங்கள். காலை எட்டு மணிக்கே அந்திபோல் மங்கல். மழை இன்னும் தொடங்கவில்லை, ஆனாலும் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"சேர் இதுக்கு முந்தியும் இங்க படிப்பிச்சீங்கதானே?" என்று பயாஸ் கேட்டான்.

"நாலு வருசத்துக்கு முந்தி," என்றார் கஜேந்திரன்.

"அப்ப அந்த மண்சரிவு நேரம் இங்கதான் இருந்திருப்பீங்க."

வளைவு திரும்பியதும் இடப்பக்கம் மரங்கள் விலகின. தோட்டத் தொழிலாளரின் ஆறு வீட்டு லயம் இருந்த இடத்தில், மானாப்புல் இடுப்பளவு வளர்ந்த ஒரு சிவப்பு மேடு. அதற்குள் ஒன்பது பேர் போனார்கள். ஏழு பேரைத்தான் தோண்டி எடுக்க முடிந்தது. கஜேந்திரன் செருப்பின் வாரைச் சரிசெய்பவர்போலக் குனிந்துகொண்டார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இடமாற்றம் கேட்டுக் கேகாலைக்குப் போனவர். ஆசிரியர் இல்லை என்று மறுபடி இங்கேயே அனுப்பிவிட்டார்கள்.

அதிபர் தங்கரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து போன வருடம்தான் வந்தவர். "வாரும் கஜேந்திரன்," என்றார். "ஆறாம் வகுப்புக்கு வரலாறு படிப்பிக்க ஆளில்லாமல் ஒரு தவணை அப்பிடியே போயிட்டுது. இப்பவே போய்த் தொடங்கும்."

வகுப்பில் பதின்மூன்று பிள்ளைகள். கடைசி வாங்கில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பாடம், மறைந்துபோன பழைய நகரங்கள்.

"இத்தாலியில ஒரு மலையடிவாரத்துல பொம்பேய்னு ஒரு நகரம் இருந்துச்சு," என்று தொடங்கினார்.

"பேயா சேர்?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். வந்ததிலிருந்து நெஞ்சை அழுத்திய ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்ந்தது.

"பேய் இல்ல, ஊரு. கடை, குளிக்கிற எடம், கல்லு பதிச்ச ரோட்டு எல்லாம் இருந்துச்சு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ஒருநாள் அந்த மலை வெடிச்சு, ஊரு முழுக்கச் சாம்பலுக்குள்ள போயிருச்சு. பொறகு தோண்டிப் பாத்தா, பேக்கரிப் போறணைக்குள்ள வச்ச பாண் அப்பிடியே கருகி இருந்துச்சு. எண்பத்தொரு பாண்."

பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள்.

"ஆளுங்க, சேர்?"

"சாம்பல் இறுகி, உள்ள இருந்த உடம்பு மக்கிப்போச்சு. அந்த ஆளு எப்பிடிக் கெடந்தாரோ அதே வடிவத்துல ஒரு குழி மட்டும் மிஞ்சிச்சு. அந்தக் குழிக்குள்ள சாந்து ஊத்தி எடுத்தாங்க. மொகத்த மூடிக்கிட்டுக் குந்தியிருந்த ஆளு, குந்துன மாதிரியே வந்தாரு."

கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியது.

முன்வரிசையில் இருந்த சுகந்தினி கையை உயர்த்தினாள். "மலை வெடிக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியாதா சேர்?"

"சில நாளாவே நெலம் நடுங்கிச்சு. ஆனா அது அடிக்கடி நடுங்குற ஊரு. பழகிப்போனதால யாரும் பெருசா எடுத்துக்கல."

"தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாரே சேர்."

குரல் கடைசி வாங்கிலிருந்து வந்தது.

அங்கே யாரும் இல்லை.

"அவரு ஏன் மணி அடிக்கல?"

பிள்ளைகள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மழை நனைத்த மண்ணின் வாசனையல்ல. ஆழத்திலிருந்து அப்போதுதான் புரண்டு மேலே வந்த மண்ணின் பச்சை வாசனை.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். எந்தப் பாடத்திலும் கடைசி வாங்கிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த கிருஷ்ணகுமாரியின் குரல். தோண்டி எடுக்க முடியாமல்போன இருவரில் ஒருத்தி.

அந்த வருடம் மழைமானி கஜேந்திரனின் பொறுப்பில் இருந்தது. ஒரு நாளைக்குள் நூற்றைம்பது மில்லிமீற்றரைத் தாண்டினால் பாடசாலை மணியை விடாமல் அடிக்க வேண்டும். லயத்து ஆட்கள் வெளியேறிப் பாடசாலைக்கு வந்துவிட வேண்டும். இரண்டு தடவை அடித்தார். இரண்டு தடவையும் மலை அசையவில்லை. "சேருக்கு மழைன்னாலே காய்ச்சல்" என்று தோட்டமே சிரித்தது. மூன்றாம் தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு, கோடு நூற்று அறுபத்திரண்டைக் காட்டியது. அவர் மணியைப் பார்த்தார். பிறகு அதை அடிக்காமல், மழைமானியிலிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினார். பொழுது சாயுமுன் மலை இறங்கிவிட்டது. விசாரிக்க வந்த அதிகாரிகளிடம், நூற்றுப் பத்து என்றார். வேறு யாருக்கும் தெரியாது.

"எல்லாரும் பொம்பேய் நகரத்த வரைங்க," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மழையையும் பென்சில்களின் உரசலையும் தவிர வேறு சத்தமில்லை.

தாள்களைச் சேகரித்து எண்ணினார்.

பதினான்கு.

பதின்மூன்றில் புகை கக்கும் மலைகள். அடியில் கிடந்த தாள் ஈரமாக, விரலோடு ஒட்டியது. அதில் மலையே இல்லை. ஆறு கதவுகள் கொண்ட நீளமான கட்டடம். பக்கத்தில், கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய்.

கோட்டுக்கு நேரே ஓர் எண்.

162.

பாடசாலை விட்டதும் அவர் அதிபரின் அறைக்குப் போனார். நாலு வருடத்துக்கு முன் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். தங்கரத்தினம் இரண்டு தரம் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை நான் மேல அனுப்பத்தான் வேணும், தம்பி," என்றார்.

"அனுப்புங்க சேர்."

கிருஷ்ணகுமாரியின் தாய் அழகம்மாவின் புதுவீடு பாதைக்கு மறுபக்கம், மேட்டுநிலத்தில் இருந்தது. மகள் போனபின் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். வாசலில் குந்தி ஈரப்பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், மழையில் நனைந்து நின்றவரைப் பார்த்து எழுந்தாள்.

"வாங்க சேர். உள்ள வாங்களேன்."

அவர் வெளியிலேயே நின்று சொன்னார். "அன்னைக்கு மூணு மணிக்கு மழைமானி நூத்தி அறுபத்திரெண்டு காட்டிச்சுங்க. நான் மணி அடிக்கணும். அடிக்கல. பொறகு பொய்யும் சொன்னேன்."

கத்தி அவள் கையிலேயே இருந்தது.

"அன்னைக்கு நான் காதக் குடுத்துக்கிட்டே இருந்தேன் சேர்," என்றாள். "மணி அடிச்சா புள்ளைய இழுத்துக்கிட்டு ஓடிரலாம்னு. அடிக்கல. அப்ப பயமில்லன்னு நெனச்சு, அவள வீட்டுல விட்டுட்டுக் கடைக்குப் போயிட்டேன். நாலு வருசமா என்னையத்தான் சேர் திட்டிக்கிட்டிருக்கேன்."

அவர் சேற்றில் முழந்தாளிட்டார். அவள் அழவில்லை, அவரை எழுப்பவும் இல்லை.

அழகம்மா தலையைச் சற்றே திருப்பினாள். வீட்டுக்குள் யாரோ மெல்லப் பேசுவதைக் கேட்பவள்போல் நின்றாள். வாசலுக்கு உள்ளே ஒரே இருட்டு.

"சேர்," என்றாள் தாழ்ந்த குரலில். "நாளைக்கு என்ன பாடம்னு கேக்குறா."

அவர் அந்த இருட்டைப் பார்த்தார்.

"மொகஞ்சதாரோ," என்றார்.

உள்ளே, இருட்டில், ஒரு புத்தகத்தின் பக்கம் புரண்டது.