பொத்தானின் தாகம்

காலை 7.10. தையல்காரரின் மகள் பின்கதவைத் திறந்தபோது நாய் பொத்தான் எழுந்து வரவில்லை. குழாயடி ஈரத்தில் பக்கவாட்டில் கிடந்தது. வாயோரம் மஞ்சள் நுரை. அவளைக் கண்டதும் வால் நுனி ஒரே ஒரு தடவை தரையைத் தட்டிவிட்டு அடங்கியது.

அவள் நாயைப் பார்த்தாள். பிறகு மதிலைப் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் வீடு.

"விஷம் வச்சுட்டான் பாவி," என்றாள்.

7.45. கால்நடை மருத்துவமனை மேஜையில் பொத்தானைக் கிடத்தினார்கள். டாக்டரம்மாவுக்கு இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம். மனிதர்கள் சொல்வதைப் பாதி நம்புவார். நாயின் உடம்பு சொல்வதை முழுவதும் நம்புவார். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டார். பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். மடிந்த தோல் உடனே பழைய நிலைக்குப் போகாமல் கூடாரம் போல நின்றது; உடம்பில் நீர் வற்றியிருந்தது.

"எப்போலேருந்து சாப்பிடல?"

"நேத்து ராத்திரி தட்ட தொடல. முந்தாநாளும் பாதிதான். டாக்டர், இது விஷம். பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் நேத்து சாயங்காலம் மதில் தாண்டி ரொட்டி வீசுனத என் கண்ணால பாத்தேன். ராத்திரியெல்லாம் அவருக்கு அடுப்படி வேலை, பகல்லதான் தூங்குவாரு. இது குரைக்குதுன்னு ரெண்டு தடவை சண்டைக்கு வந்திருக்காரு."

ரத்தம் எடுத்தார்கள். சலைன் ஏறத் தொடங்கியது. 8.20க்கு முடிவு வந்தது. டாக்டரம்மா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கம். சிறுநீரகம் திணற ஆரம்பித்திருந்தது.

"எலி மருந்துல ஒரு வகை இப்படிச் செய்யும்," என்றார்.

"அப்போ நான் நேரா போலீஸுக்குப் போறேன்."

"மத்தியானம் வரைக்கும் பொறுங்க. எது உள்ள போச்சு, எத்தனை நாளா போச்சுன்னு தெரியாம என்னால சரியா வைத்தியம் பாக்க முடியாது. புகார் குடுத்துட்டா அந்த மனுஷன் வாயத் திறக்க மாட்டாரு."

10.30. பொத்தானைத் தாதியிடம் ஒப்படைத்துவிட்டு டாக்டரம்மா பேக்கரிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த ஆளின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. முன்கை ரோமத்தில் இன்னும் மாவு.

"நேத்து ரொட்டி வீசினீங்களா?"

"வீசினேன்."

"எதுக்கு?"

அவர் பின்கழுத்தைச் சொறிந்தார். "ஒரு வாரமா அது குரைக்கல. மொத ரெண்டு நாள் நிம்மதியா தூங்கினேன். அப்புறம் என்னமோ தூக்கமே பிடிக்கல. என்னாச்சு இதுக்குன்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அவங்ககிட்ட போய்க் கேக்க மூஞ்சி இல்ல, சண்டை போட்டுட்டேன். ரொட்டி போட்டா வருதான்னு பாத்தேன். வந்துச்சு, மோந்து பாத்துச்சு, போயிடுச்சு. மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்க, எறும்பு மொச்சு அங்கயே கிடக்கும்."

கிடந்தது. ஒரு கடிகூட இல்லை.

"வீட்ல எலி மருந்து இருக்கா?"

"மாவு வேலை செய்யறவன் வீட்ல இல்லாம இருக்குமா?"

பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் பொடி எழுத்தில் இருந்ததை டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் ரகம். கால்சியத்தோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது.

"வேற ஏதாவது வித்தியாசமா கவனிச்சீங்களா?"

"தண்ணி," என்றார் பேக்கரிக்காரர் சட்டென்று. "மதில் சந்து வழியா வந்து என் பூந்தொட்டித் தட்டுல நிக்கிற தண்ணிய எல்லாம் நக்கிக் காலி பண்ணிடும். ஆறேழு நாளா இதே கதை. அவங்க வீட்ல தண்ணி வைக்க மாட்டாங்களோன்னுகூட நெனச்சேன்."

டாக்டரம்மா படியிலேயே நின்றுவிட்டார். ரொட்டி விழுந்தது நேற்று. தாகம் தொடங்கி ஒரு வாரம். ஒரு வாரமாக அந்த ஜீவன் தொட்டித் தட்டு தட்டாகப் போய்த் தன் வியாதியைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. அதைக் கேட்ட ஒரே ஆள், அதன்மேல் எரிந்து விழுந்தவர்.

11.05. தையல்காரர் வீடு. முன்னறைதான் கடை. சுவரோரம் தையல் மிஷின், வெட்டுமேஜை, மாட்டியில் பாதி தைத்த கோட்டுகள். மகள் மருந்து டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். தலைவலி மாத்திரை, இருமல் மருந்து. கால்சியத்தை ஏற்றும் சத்து மாத்திரை ஒன்றும் இல்லை. சமையலறையிலும் தோட்டத்திலும் சந்தேகப்பட எதுவும் அகப்படவில்லை.

தையல்காரர் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கால் மிதியில் இருந்தது, மிதிக்கவில்லை. அறை புழுங்கியது. அவரோ முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள மூத்திரம் போச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நாலஞ்சு நாளா போகுது," என்றாள் மகள். "வயசாயிடுச்சுன்னு அதட்டினேன்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயா, பொத்தானோட ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்க. கண் முழிக்கிறதுலேருந்து."

"காலைல ஆறு மணிக்கு எங்கிட்ட வரும். கொஞ்ச நேரம் பக்கத்துல இருக்கும். அப்புறம் வாசலுக்குப் போயிடும்."

"பக்கத்துல இருந்து என்ன பண்ணும்?"

"சும்மா... நக்கும்."

"எங்க?"

தையல்காரர் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டரம்மாவின் பார்வை அவர் முழங்கைகளில் நின்றது. வெள்ளைச் சட்டையில் இரண்டு பக்கமும், காசு அகலத்துக்கு, எண்ணெய்க் கறை. அடுத்தவர் காலரில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்டுபிடிக்கும் மனிதர் தன் சட்டைக் கறையைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சட்டைக் கைய மடிச்சுக் காட்டுங்க ஐயா."

"வேண்டாம்மா."

"அது பொழைக்கணும்."

அவர் மெதுவாக மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். முழங்கை இரண்டிலும் சிவந்து தடித்த தோல், மேலே வெள்ளிச் செதில். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். இதுவரை அவள் பார்த்ததில்லை.

"எல்லாரையும் தொட்டுத்தான் அளவெடுக்கணும்," என்றார் தையல்காரர் கீழே பார்த்தபடி. "இதப் பாத்தா தொத்து வியாதின்னு யாராவது வருவாங்களா?"

"இது ஒட்டாது ஐயா. மருந்து எங்க?"

மிஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில், பிதுக்கிச் சப்பையாகிப் போன களிம்புக் குழாய். டாக்டரம்மா அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பேக்கரிக்காரர் மேல தப்பில்ல. பொத்தானுக்கு விஷம் வச்சது நீங்கதான் ஐயா. தெரியாம வச்சீங்க. இதுல இருக்கறது வைட்டமின் டி வகை மருந்து. உங்க தோலுக்கு நல்லது. நாய் வயித்துக்குள்ள போனா கால்சியத்த ஏத்திவிட்டு சிறுநீரகத்த அரிச்சுடும். அதான் தாகம், அதான் மூத்திரம், அதான் வாந்தி. எப்போலேருந்து போடுறீங்க?"

"பத்து நாளா. காலைல எந்திரிச்சதும் போடுவேன்."

"ஆறு மணிக்கு அது வந்து தொடச்சு எடுத்துடும்."

"எரிச்சல் தாங்காது. அது நக்கினா இதமா இருக்கும். நானும் விட்டுட்டேன்." அவர் தன் முழங்கையைப் பார்த்தார். "எனக்கு வலிக்குதுன்னு வந்துச்சும்மா அது."

டாக்டரம்மா அப்போதே தொலைபேசியில் தாதியை அழைத்தார். "எது, எத்தனை நாள்னு தெரிஞ்சுபோச்சு. சலைன நிறுத்தாதீங்க. கால்சியத்த எறக்குற மருந்து எடுத்து வைங்க, வந்துட்டேன்."

அன்று பிற்பகல் மதில் சந்தில் நின்று மகள் பேக்கரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "எந்திரிச்சுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நான்காம் நாள். காலை 9.15. கால்சியம் இறங்கிவிட்டது. சிறுநீரகமும் பிழைத்துக்கொண்டது. பொத்தான் கால்கள் நடுங்க எழுந்து நின்றது. தையல்காரர் அரைக்கைச் சட்டையில் வந்திருந்தார். களிம்பை மாற்றித் தரச் சொல்லி தோல் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டுக் கொடுத்தார் டாக்டரம்மா.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார் தையல்காரர். "இந்தப் புண்ணு வந்து மூணு மாசம் இருக்கும். அதுக்கும் ரெண்டு வாரம் முன்னாடிலேருந்தே இது என் முழங்கைய மோந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்போ அங்க ஒண்ணும் இல்ல. அரிப்புகூட இல்ல. இதுக்கு எப்படித் தெரிஞ்சது?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். நாயின் ஈறைத் தொட்டு, தோலைக் கிள்ளி, ரத்தத்தைப் பரிசோதித்து அவர் ஒரு வியாதியைப் படித்தார். எதையும் தொடாமல், மூக்கு ஒன்றையே வைத்துக்கொண்டு இது படித்திருக்கிறது.

"தெரியல ஐயா," என்றார். "உண்மையிலேயே எனக்குத் தெரியல."

பொத்தான் தள்ளாடி வந்து, குனிந்திருந்த தையல்காரரின் தோளில் முன்காலைப் போட்டது. முழங்கைப் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய வலது காதின் பின்னால் மூக்கைக் கொண்டுபோய் வைத்து, மூச்சை இழுத்து, அங்கேயே நின்றது.

டாக்டரம்மா விளக்கை இழுத்து அந்த இடத்தில் பிடித்தார். சுத்தமான தோல். சிவப்பு இல்லை, செதில் இல்லை, எதுவும் இல்லை.

அவர் விளக்கை அணைத்தார். பிறகு தையல்காரர் கையிலிருந்த உறையை வாங்கிப் பிரித்து, கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: வலது காதின் பின்புறத்தையும் தொடர்ந்து கவனிக்கவும்.