10.12 முதல் 10.31 வரை

காலை 10.35. சிப்பிகாட் ஐஸ் பேக்டரியின் மெஷின் ரூமில், மெக்கானிக் சுரேந்திரன் பெல்ட்டுக்கு அடியில் கிடந்தார். உயிர் இல்லை. முதலில் பார்த்தது மேனேஜர் ஜம்புலிங்கம். முதலில் போன் செய்ததும் அவர்தான். தீர்ப்பையும் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்: "ஓடற மெஷின்ல கை வச்சுட்டான். அவன் தப்பு."

இரண்டு நாள் கழித்து, காலை 11.00. சப்-இன்ஸ்பெக்டர் இர்பானா வந்தபோது சுரேந்திரனின் மனைவி ரூபா ஆபீசில் உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை. எதிரே ஒரு காகிதம். 'என் கணவரின் கவனக்குறைவே காரணம்' என்று அதில் டைப் செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால் கேஸ் முடிந்தது. சுரேந்திரனும் ஊர் வாயில் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போவார்.

"கொஞ்சம் பொறும்மா" என்று காகிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு இர்பானா மேனேஜரிடம் திரும்பினாள்.

"அன்னிக்கு மெஷின் நின்னுச்சா?"

"பந்த்தே ஆகல மேடம். சுபே அஞ்சு மணியில இருந்து சாலூ, ஓடிட்டேதான் இருந்துச்சு."

"கரண்ட் போச்சா?"

"இல்ல."

"வேற யார் இருந்தா?"

"நாங்க ரெண்டு பேருதான். லோடிங் ஆளுங்க ஜெட்டிக்குப் போயிட்டாங்க. அங்க ஐஸுக்காக போட் நின்னுட்டு இருந்துச்சு."

இருவரும் மெஷின் ரூமுக்குப் போனார்கள். மோட்டார்மேல் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா ஒட்டியிருந்தது. மோட்டாரின் சூட்டை அளந்து, வயர் இல்லாமலே நிமிடத்துக்கு ஒருமுறை சென்னைக் கம்பெனிக்கு அனுப்பும் சென்சார். அந்தக் கணக்கை இர்பானா மெயிலில் வாங்கியிருந்தாள். 10.12 முதல் 10.31 வரை ஒன்றுமே வரவில்லை.

"இது ஏன்?"

ஜம்புலிங்கம் அசரவில்லை. "அதுவா? பேட்டரி தீந்துருச்சு. நான்தான் மாத்தினேன்."

"எந்த பேட்டரி?"

"வாட்ச்சுக்குப் போடுவாங்களே, அந்தச் சின்னது."

இர்பானா அங்கே கிடந்த சுரேந்திரனின் டூல்ஸ் பையிலிருந்தே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டப்பாவைக் கழற்றினாள். உள்ளே மெல்லிய தகடு, அதன் நுனியில் சின்ன எடை, நகம் அகலத்துக்கு ஒரு சர்க்யூட். அவ்வளவுதான். பேட்டரி வைக்க இடமே இல்லை.

"மோட்டார் அதிர்ந்தா இந்தத் தகடும் அதிரும். அதுல வர்ற துளி கரண்ட்லதான் இது வேலை செய்யுது. மோட்டார் நின்னா இதுவும் நின்னுடும். கரண்ட் போகலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. 10.12க்கு சுரேந்திரன் மெஷினை நிறுத்திட்டுத்தான் பெல்ட்டுல கை வச்சிருக்காரு. 10.31க்கு சுவிட்சைப் போட்டது நீங்க. இல்லாட்டி, இல்லாத பேட்டரியை எதுக்கு மாத்தினீங்க?"

ஜம்புலிங்கம் கதவுக்கு வெளியே இருந்த சுவிட்ச் போர்டைக் காட்டினார். "போட்ல இருந்து போன் மேல போன் மேடம்... 'சுரேன், முடிஞ்சுதா'ன்னு அங்கிருந்தே கத்தினேன். பதில் வரல. முடிஞ்சிருக்கும்னு..."

"உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

11.40. அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டு இர்பானா ஆபீசுக்குத் திரும்பினாள். ரூபா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இர்பானா நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ, நிறுத்திட்டுத்தான் கை வச்சாரா?"

"ஆமாம்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

ரூபா தலையாட்டினாள். குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை.

"பாடி வீட்டுல கெடந்தப்ப எல்லாரும் அழுதாங்க மேடம். நான் ஏசிக்கிட்டே இருந்தேன். புத்தி இருக்கற ஆளு ஓடற மெஷின்ல கை வைப்பானான்னு. தூக்கிட்டுப் போற வரைக்கும் ஏசினேன்."