வெள்ளைக் கூடு

"நீங்க வரலைன்னா நானே படகை எடுத்துக்கிட்டுப் போவேன்!" என்று சொல்லிவிட்டுத் தெய்வானை படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். படகுக்காரர் பிலேந்திரன் இன்ஜினைக் கிளப்பினார். அந்தமான் கடல் அன்று சாம்பல் கரைத்தது போல் கிடந்தது.

அவள் தம்பி மாசாணம் குகைத் தீவுக்குப் போய் நாலைந்து நாளாயிற்று. உழவாரக் குருவியின் வெள்ளைக் கூடுதான் அவன் தேடிய புதையல். அதில் குச்சியும் கிடையாது, நாரும் கிடையாது. குருவி தன் எச்சிலை இழை இழையாகப் பாறையில் ஒட்டிக் காயவிட்டுக் கட்டுகிற கூடு அது!

"சீனத்துல ராஜாக்க காலத்துலேருந்து அத சூப்பு வச்சுக் குடிக்கிறாங்க. ஆயுசு கூடுமாம், தங்கச்சி," என்றார் பிலேந்திரன்.

"எந்தம்பி ஆயுசு என்னாச்சோ, அண்ணே." பிலேந்திரன் படகின் வேகத்தைக் கூட்டினார்.

கூத்தைப் பாருங்கள், எச்சில் என்றாலே மாசாணம் காத தூரம் ஓடுவான். வீட்டில் எல்லாரும் அண்ணாந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். அக்காவின் உதடு பட்டுவிட்டால் தம்ளரைக் கழுவாமல் தொடமாட்டான். அதற்காக அவனை எவ்வளவு கேலி செய்திருக்கிறாள்!

தீவுக்கரையில் அவன் படகு மட்டும் கட்டிக் கிடந்தது. குகைக்குள் குருவி எச்சத்தின் நாற்றம் அடித்தது. கூடு பறிக்க ஏறும் மூங்கில் ஒன்று முறிந்து கிடந்தது; அதனருகே இறகு முளைக்காத குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

"மாசாணம்!" என்று அலறி ஓடியவள் வழுக்கி விழுந்தாள். டார்ச் லைட் பள்ளத்துத் தண்ணீரில் போய் அணைந்தது. கும்மிருட்டு! தலைக்கு மேலே டிக் டிக் என்று ஓயாத சத்தம்.

"அசையாத! இருட்டுல குருவி இப்படித்தான் சத்தம் போடும். அது பாறையில பட்டுத் திரும்புறத வச்சுத்தான் வழி பாக்கும். வெளிச்சத்துக்கு வந்தா நிறுத்திரும். சத்தம் எங்க ஓயுதுன்னு கேளு," என்றது பின்னால் வந்த பிலேந்திரனின் குரல்.

"இது மாசாணத்துக்கும் தெரியுமா, அண்ணே?"

"தெரியும்."

அப்படியானால் அவனும் அங்கேதான் போயிருப்பான்! இருவரும் தவழ்ந்தார்கள். சத்தம் தேய்ந்து ஓய்ந்த இடத்தில் பாறை இடுக்கு வழியாக மங்கலாக வெளிச்சம் கசிந்தது. அதன் கீழே, வீங்கிய காலோடு மாசாணம் கிடந்தான். பக்கத்தில் வெறும் சாக்கு.

"அக்கா..."

"உயிரோட இருக்கியாடா! கூடெல்லாம் எங்க?"

"தின்னுட்டேன்க்கா. ஒழுகுற தண்ணியில ஊறவச்சா வழவழன்னு ஆயிரும். ஒரு ருசியும் இல்ல." அவன் சாக்கை ஒதுக்கித் தள்ளினான். "குஞ்சு பறந்த பெறகுதான் எடுக்கணும். அவசரப்பட்டுப் பிச்சுட்டேன். குஞ்சு விழுந்துச்சு. பிடிக்கப் போயி நானும் விழுந்தேன்."

காலில் மூங்கில் பத்தையை வைத்துக் கட்டி, பிலேந்திரன் அவனைத் தோளில் சுமந்து வந்தார். படகில் ஏறியதும் தெய்வானை பதற்றத்தில் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தே குடித்துவிட்டாள். சட்டென்று நினைவு வந்து, கழுவுவதற்காகப் பாட்டிலைக் கடல் பக்கம் சாய்த்தாள்.

"குடுக்கா," என்று மாசாணம் கை நீட்டினான்.

வாங்கி, வாய் வைத்து, மடக் மடக்கென்று குடித்தான். தெய்வானை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் குகையைத் திரும்பிப் பார்த்தான். கூடிழந்த குருவிகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"முதல்லேருந்து கட்டணும்க்கா, அதுக," என்றான்.