ஓரம் மடித்துத் தைத்த துணி

வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்றே பேர். அண்ணி நடத்தும் துப்பறியும் நிலையத்தில் உதவியாளன் உத்தியோகம். அது போதாதென்று, யாரும் சொல்லாத வீட்டு வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வான். அன்று காலையிலும் அப்படித்தான், அழுக்குத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அண்ணியின் அறைக் கதவுக்குப் பின்னால் அண்ணனின் கட்டம் போட்ட சட்டை கண்ணில் பட்டது. அண்ணன் விபத்தில் போய் மூன்று வருஷமாகிறது. சட்டை மட்டும் காலர் கறுத்து அதே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், அண்ணிக்கு எங்கே நேரம் என்று அதையும் மூட்டைக்குள் திணித்து, தெருமுனைச் சலவைக்கடையில் போட்டுவிட்டு வந்தான்.

திரும்பி வந்தபோது முன்னறையில் ராணுவ அருங்காட்சியகத்தின் காப்பாளர் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"திருட்டுதான் மேடம். ஆனா எதுவும் குறையல. அதான் எனக்கு மண்டை காயுது" என்றார்.

போன மாதம் ராணுவக் கிடங்கிலிருந்து அவருக்குப் பழைய துப்பாக்கிகள் வந்திருந்தன. தோளில் வைத்துக்கொள்ளும் மரக்கட்டையின் அடியில் ஒரு பித்தளை மூடி. அதைத் திறந்தால் உள்ளே ஒரு பொந்து. அதில்தான் குழாயைத் துடைக்கும் சாமான்கள் இருக்கும்: விரல் நீளத்துக்கு ஓர் எண்ணெய்ப் புட்டி, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு, அந்தக் கயிற்றில் கோத்து இழுக்க ஒரு துணிப் பட்டை.

"காலையில கடைசித் துப்பாக்கிக்குக் கீழ எண்ணெய் சொட்டியிருந்தது. திறந்து பாத்தா எல்லாம் இருக்கு. பழைய துணி மட்டும் இல்ல. பதிலுக்குப் புதுத் துணி!"

"பழைய துணியை நீங்க பாத்திருக்கீங்களா?" என்று அண்ணி நிதானமாகக் கேட்டாள்.

"போன வாரம் மெக்கானிக் எங்க எல்லாருக்கும் திறந்து காட்டினான். மத்ததுலெல்லாம் வெள்ளைப் பட்டை. இதுல மட்டும் ஏதோ வீட்டுத் துணியைக் கிழிச்சுப் போட்டிருந்தாங்க. ஒரு மூலையில நீல நூல்ல பாதிப் பூ. எண்ணெய் ஏறிக் கறுத்துக் கிடந்தது. இன்னிக்கு எல்லாத் துணியையும் எடுத்துத் துவைக்கணும்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள இப்படி."

"சந்தேகம் யார் மேல?"

"சாவி காவலாளிகிட்டதான் இருக்கு. சாயங்காலம் கமிட்டி கூடுது. ஆள் யாருன்னு தெரியலன்னா அவனை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நல்ல மனுஷன் மேடம்."

கைப்பை எடுத்துவர உள்ளே போன அண்ணி, வெளியே வரக் கொஞ்சம் நேரமானது. "நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. பின்னாலயே வந்துடறேன்" என்றாள். அவசரம் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான்.

அருங்காட்சியக வாசலில் சீட்டுக் கொடுப்பவளை எல்லோரும் சீட்டம்மா என்பார்கள். எழுபதைத் தொடும் வயது. மாலையில் கூடத்து விளக்குகளை அணைப்பதும் அவள்தான். அவள் மேஜையில் சில்லறை டப்பாவுக்கு ஒரு உறை, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு உறை, தண்ணீர்ப் புட்டிக்குக்கூட ஒரு உறை.

"எல்லாம் நீங்க தைச்சதாம்மா?"

"கை சும்மா இருக்காது தம்பி. ஓரம் பிரிஞ்ச துணியைப் பாத்தா எனக்குத் தூக்கம் வராது."

உள்ளே காவலாளி சுவரோரம் முகம் தொங்கி நின்றிருந்தான். அவன் பழைய சிப்பாய். துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போடும் மெக்கானிக்கைப் பார்த்ததுமே அவசரத்துக்குக் கதை முழுசாகத் தயாராகிவிட்டது. துணிக்குள் வைரம், மெக்கானிக் கடத்தல்காரன்! அண்ணி வந்ததும் காதோடு சொன்னான்.

"வைரத்தை எண்ணெய்த் துணியில சுத்தி நாட்டுக்காகச் சண்டை போட்டானா அந்தச் சிப்பாய்?" என்றாள் அவள்.

அவள் தோளில் பெரிய பை ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. அவன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். குனிந்து துப்பாக்கியைப் பார்த்தபோதும் பையைக் கீழே வைக்கவில்லை. புதுத் துணியை எடுத்து முகர்ந்தாள். சோப்பு வாசனை. மெக்கானிக்கிடம் நீட்டி, "இதைக் கயித்துல கோத்து இழுங்க பாப்போம்" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். "இது போகாது மேடம். சுத்தி ஓரம் மடிச்சுத் தைச்சிருக்கே! அந்தத் தடிப்பு குழாய்ல பாதியில சிக்கிக்கும். துப்பாக்கி பிடிச்சவன் எவனும் சும்மா கிழிச்சுத்தான் போடுவான்."

காவலாளியும் ஆமாம் என்று தலையாட்டினான்.

அண்ணி எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிடச் சொன்னாள். சீட்டம்மாவும் மேஜையைப் பூட்டிவிட்டு வந்து நின்றாள்.

"திருடறவங்க பதிலுக்கு ஒண்ணு வச்சிட்டுப் போவாங்களா சார்?" என்று அண்ணி காப்பாளரிடம் கேட்டாள். "அதுவும் சோப்பு போட்டு அலசி, ஓரம் தைச்சு? துணியை எடுக்கறப்பக் கழண்ட புட்டி மூடியைச் சரியாத் திருகாம விட்டதாலதான் எண்ணெய் சொட்டியிருக்கு. அது பழக்கமில்லாத கை. மெக்கானிக், காவலாளி ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டே அதைத் திருகுவாங்க. இவங்களுக்கு இப்படி ஓரம் தைக்கவும் தோணாது. இது, பிரிஞ்ச ஓரத்தோட ஒரு துணியை உள்ள வைக்க மனசு வராத ஆளோட வேலை."

வாசலில் பார்த்த உறைகள் அப்போதுதான் அவசரத்தின் ஞாபகத்துக்கு வந்தன. அவன் திரும்புவதற்குள் எல்லோரும் சீட்டம்மா பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"ஆனா ஏன்? அதுவும் ஏன் நேத்து?" என்றார் காப்பாளர்.

"இன்னிக்குத் துவைக்கப் போறீங்கன்னு சொன்னீங்களே, அதனால."

சீட்டம்மா இடுப்பில் செருகியிருந்த மூக்குக்கண்ணாடி உறைக்குள் விரலை விட்டாள். கறுத்துச் சுருண்ட துணி வெளியே வந்தது. மூலையில் பாதிப் பூ.

"கல்யாணமாகி ஒரு மாசம்தான். எல்லையில சண்டைன்னு கிளம்பிட்டார். தலகாணி உறை தைச்சுக் கொடுத்தேன், நாலு மூலையிலும் நீலப் பூ. ஆளும் வரல, உறையும் வரல. போன வாரம் இந்தத் தம்பி இதை வெளிய இழுத்தப்ப எல்லாரும் சிரிச்சீங்க. நான் போட்ட பூ எனக்குத் தெரியாதா சார்?"

"என்னைக் கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா துவைச்சு, நம்பர் ஒட்டி, கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்பீங்க. இதுல அவர் வாசனை ஒண்ணும் இல்ல, வெறும் எண்ணெய் நாத்தம்தான். இருந்தாலும் இது அவர் கை பட்ட அழுக்கு. துவைச்சா அதுவும் போயிடும்."

காவலாளி சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தான். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே!"

"உன் வேலைக்கு உலை வச்சிடக் கூடாதுன்னுதான் சொல்லல. அதுவே உன் தலையில விடிஞ்சுது. சாயங்காலம் கமிட்டி முன்னால நானே சொல்லிடறதாத்தான் இருந்தேன்."

காப்பாளர் தொண்டையைச் செருமினார். "கமிட்டிக்கு நான் என்ன சொல்றது மேடம்?"

"கந்தலாப் போன துணியை மாத்தியாச்சுன்னு சொல்லுங்க."

"இது குழாய்ல போகாதே!"

"போக வேண்டாம். இந்தத் துப்பாக்கியை இனிமே யாரும் சுடப் போறதில்ல."

காவலாளி சீட்டம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தான். அவசரம் அதையெல்லாம் பார்க்கவில்லை. 'துவைச்சா அதுவும் போயிடும்' என்ற சொல்லிலேயே அவன் நின்றுவிட்டான். கதவுக்குப் பின்னால் இருந்த காலிக் கொக்கி கண்முன் வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஓடினான்.

சலவைக்கடையில் மூச்சிரைக்க, "அண்ணே, அந்தக் கட்டம் போட்ட சட்டை! துவைச்சிட்டீங்களா?" என்று கேட்டான்.

"அது காலையிலேயே போயிடுச்சே தம்பி. தொட்டியில முக்கறேன், உங்க அண்ணி தலைதெறிக்க ஓடி வர்றாங்க. என் கையிலேருந்து பிடுங்காத குறைதான்."

அந்தப் பை. தோளைவிட்டு இறக்காத அந்தப் பை. மூன்று வருஷமாகப் பக்கத்திலேயே இருந்து துப்பறிந்த லட்சணம் இதுதானா என்று தன்னையே நொந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அண்ணி அவனுக்கு முன்பே வந்திருந்தாள். சட்டை பழைய கொக்கியில் தொங்கியது. அதன் ஒரு கை மட்டும் நனைந்து, அழுக்குக் கரைந்திருந்தது.

"அண்ணி, நான் சத்தியமா..."

"நீ என்ன பண்ணுவ? நான்தான் உங்கிட்ட சொன்னதே இல்லையே. ஒரு கைதான் நனைஞ்சுது. மிச்சம் இருக்கு."

அண்ணி சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்து, நனையாத பக்கம் மேலே வரும்படி மடித்து, அவனிடம் நீட்டினாள்.

"உனக்கும் அண்ணன்தானே. இந்தா."

அவன் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.